மெல்லிய நூலுக்கு ஓர் ஊசி



கொஞ்சம் நீளமான பதிவு. நிட்டிங் வேலை செய்யும் சகோதரிகளும், பிறருக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து உதவ வேண்டும் என்று நினைப்பவர்களும் ஆறுதலாக வாசியுங்கள். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போட வாணாம்" என்றார். போடவில்லை.

போன வருடம் இரண்டாம் தவணையில் ஒரு திங்கட்கிழமை. தரம் 8 பிள்ளை ஒருத்தி ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். வீட்டுவேலை செய்யவில்லை என்று சொல்ல வந்திருக்கிறாள் என நினைத்தோம். அவள் சொன்னது வேறு.

"உம்மாட ஷோல் கழண்டு போச்சி டீச்சர். ரெண்டு நாளா உம்மா தூங்கல்ல."

அந்த ஷோல் பின்னிய ஊசியை வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள் இருவரும்தான்.

அந்தப் பிள்ளையின் உம்மா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். தாத்தா என்றே கூப்பிடுவோம். வெலிமடைப் பக்கத்துக் குளிருக்குக் குழந்தைத் தொப்பி, காலுறை, கையில்லாத சுவெட்டர் என்று பின்னி விற்பவர். கணவர் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு அடிபட்ட பிறகு, அந்த வீட்டின் பாதிச் செலவு அவரது இரண்டு ஊசிகளில்தான் ஓடியது. அவரிடம் இருந்ததெல்லாம் நீளமான நேர் ஊசி இரண்டு சோடியும், புறக்கோட்டையில் வாங்கிய அக்ரிலிக் நூலும்.

நாங்கள் இருவரும் ஒரே கல்வியியற் கல்லூரியில் இருந்து ஒரே வருடம் வெளியேறியவர்கள். எங்களில் ஒருவர் மனையியல் படிப்பிக்கிறார், மற்றவர் கணிதம். நிட்டிங்கில் எங்கள் அனுபவம் கல்லூரியில் செய்த ஓர் ஒப்படையோடு முடிந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் என்றால் எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கும். சில வேளை நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்.

தாத்தாவுக்கு அந்த வருடம் ஒரு நல்ல ஓடர் வந்தது. எங்கள் ஊரில் இருந்து மெல்பேர்னுக்குப் போன குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்திருந்தது. அவர்களின் மகளுக்கு முதல் குழந்தை பிறக்க இருந்தது. குழந்தையைச் சுற்றும் லேஸ் ஷோல் ஒன்று பின்னித் தர முடியுமா என்று கேட்டு, நூலையும் கையோடு கொண்டு வந்து கொடுத்தார்கள். மெரினோ கம்பளியும் பட்டும் கலந்த இளம் பாலாடை நிற நூல். 100 கிராமில் 800 மீற்றர் நீளம். சாதாரண காலுறை நூல் அதே எடைக்கு 400 மீற்றர் அளவில்தான் வரும். அதனோடு பார்த்தால் இது எவ்வளவு மெல்லியது என்று விளங்கும். கூலி 12,000 ரூபா பேசி, 4,000 ரூபா முற்பணம் கொடுத்தார்கள். அந்த 4,000 அன்றைக்கே மருந்துக்கும் பிள்ளையின் கொப்பிகளுக்கும் போய்விட்டது.

ஷோலை நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வளர்த்துச் சதுரமாக முடிப்பது தாத்தாவின் திட்டம். நேர் ஊசியில் அது நடக்காது. வட்ட ஊசி வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். வட்ட ஊசி என்பது இரண்டு குட்டை ஊசிகளை வளையக்கூடிய ஒரு கேபிளால் இணைத்தது. அதிலும் ஊசி முனைகளைத் திருகிக் கழற்றி மாற்றக்கூடிய செட்டுகள் உண்டு. ஒரே கேபிளில் வேறு வேறு பருமன் முனைகளைப் பூட்டலாம். ஷோல் பெரிதாகப் பெரிதாக முனைகளை அப்படியே வைத்து, கேபிளை மட்டும் நீளமானதாக மாற்றலாம். வளரும் லேஸ் வேலைக்கு இது பெரிய வசதி. மடியில் பாரம் தங்குவதால் மணிக்கட்டு நோவும் குறைவு.

"நாங்க வாங்கித் தாறோம் தாத்தா" என்றோம். சீட்டுப் பணம் கையில் இருந்தது. கைத்தொலைபேசியில் இரண்டு இரவு தேடினோம். அழகான பை, பதின்மூன்று சோடி முனை, ஐந்து நிறத்தில் கேபிள், எல்லாம் சேர்த்து 9,500 ரூபாவுக்கு ஒரு செட் கண்ணில் பட்டது. பதின்மூன்று சோடி! உடனே ஓடர் பண்ணினோம். பார்சல் வந்த அன்று தாத்தா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்த காட்சியைப் படம் பிடித்து, எங்கள் குடும்பக் குழுக்களிலும் போட்டோம். அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பிள்ளை வந்து சொன்ன அன்று பின்னேரம் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். நடந்தது இதுதான்.

எட்டுக் கண்ணியில் தொடங்கி, ஒன்றுவிட்ட ஒரு சுற்றில் நான்கு மூலையிலும் இரண்டு இரண்டாக எட்டுக் கண்ணி கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எண்பது சுற்று முடிந்தபோது 328 கண்ணி. மூன்று கிழமை உழைப்பு. சனி இரவு, இஷாவுக்குப் பிறகு பின்னிக்கொண்டிருந்தபோது முனையும் கேபிளும் சேரும் திருகு தானாகக் கழன்றிருக்கிறது. கையில் ஊசி தனியாக வந்துவிட்டது. கேபிளின் வாயால் கண்ணிகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. பட்டுக் கலந்த நூல் நிற்குமா? லேஸில் ஓட்டை விடுவதற்காக ஊசியில் சும்மா நூலைச் சுற்றி எடுக்கும் இடங்கள் இருக்கும். அவை அவிழ்ந்தால் எது கண்ணி, எது சுற்று என்று தெரியாது. இரண்டு இரவு எடுத்துப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு முழுவதையும் பிரித்துவிட்டார்.

நாங்கள் போனபோது நூலைச் சிம்பாக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, கொடியில் தொங்கவிட்டிருந்தார். பிரித்த நூலின் சுருள் போவதற்காக. அழுத முகம் இல்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

"ஊசி நல்லாத்தான் ஈக்கிது டீச்சர். பூட்டுத்தான் செரில்ல. அது மொத நாளே எனக்கு வெளங்கின."

"அப்ப ஏன் தாத்தா சொல்லல்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்க ஆசப்பட்டு வாங்கித் தந்தீங்க. அத எப்பிடி நான் செரில்லன்னு சொல்ற?"

திரும்பி நடந்து வரும்போது நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. மூன்று கிழமை அந்தப் பூட்டு கழலக் கழல இறுக்கிக்கொண்டே பின்னியிருக்கிறார். எங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக. நாங்கள் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கியிருந்தோம். எந்தப் பருமன் வேண்டும் என்று கேட்கவில்லை. எந்த நூலுக்கு என்று யோசிக்கவில்லை. பதின்மூன்று என்ற எண்ணிக்கையைத்தான் பார்த்தோம்.

அந்தக் கிழமையே உட்கார்ந்து படித்தோம். நிட்டிங் செய்யும் பலரிடம் கேட்டோம். எங்களைப் போல யாரும் காசை இழக்கக்கூடாது என்பதற்காக, அறிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

முதலாவது, பருமன். நூல் மெல்லியது என்பதால் ஊசியும் மிக மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். லேஸில் அப்படி இல்லை. மெல்லிய நூலைக் கொஞ்சம் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னி, முடிந்ததும் நனைத்து இழுத்து ஊசி குத்திக் காய வைத்தால்தான் ஓட்டைகள் விரிந்து கோலம் தெரியும். 800 மீற்றர் நூலுக்குப் பலரும் எடுப்பது 3.5 முதல் 4.5 மில்லிமீற்றர் வரை. ஆகவே பதின்மூன்று சோடியில் பத்துச் சோடி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. முனைகளையும் கேபிளையும் தனித்தனியாக விற்கிறார்கள். இரண்டு சோடி நல்ல முனையும் இரண்டு நல்ல கேபிளும் போதும். 3 மில்லிமீற்றருக்குக் கீழே வேண்டுமானால் கவனம். பல செட்டுகள் 3 அல்லது 3.5 இலேயே தொடங்குகின்றன. அந்த அளவுக்குக் கழற்ற முடியாத ஒட்டு வட்ட ஊசி பெரும்பாலும் மலிவு, பூட்டு கழலும் பயமும் இல்லை.

இரண்டாவது, பூட்டு. மெல்லிய நூலுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முனையும் கேபிளும் சேரும் இடத்தில் பெருவிரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் நூலும் தடக்கும். தடித்த நூல் அந்த மேட்டில் ஏறிப் போய்விடும். மெல்லிய நூல் ஒவ்வொரு கண்ணியிலும் நின்று, இழுபட்டு, இழை பிரியும். நாங்கள் வாங்கிய செட்டில் நகம் நன்றாகவே தடக்கியது. வாங்கிய அன்று அரை நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பூட்டின் பக்கத்தில் கேபிளில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்கு ஒரு குட்டிக் கம்பிச் சாவி தருவார்கள். சாவியைத் துளையில் விட்டுப் பிடித்துக்கொண்டு, முனையை ஒரு றப்பர் துண்டால் பற்றித் திருகினால்தான் சரியான இறுக்கம் வரும். வெறும் கையால் திருகுவது போதாது. திருகுப் புரிக்குள் நூல் தூசு இருந்தாலும், கோணலாகப் பூட்டினாலும் கழன்றுவிடும். ஒவ்வொரு நாளும் பின்னத் தொடங்கும் முன் ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது நல்லது. எங்கள் செட்டிலும் சாவி இருந்தது. அது என்னவென்று தெரியாமல் பையின் மூலையில் கிடந்தது. தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது, கேபிள். பெட்டியில் சுருண்டு கிடந்த கேபிள் வெளியே எடுத்த பிறகும் சுருண்டே நின்றால், கண்ணிகள் அதில் நகராது. சாதாரண நைலோன் கேபிளைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு நேராகப் பிடித்தால் ஓரளவு நிமிரும். உள்ளே உருக்குக் கம்பியும் மேலே நைலோன் பூச்சும் உள்ள கேபிள்கள் சுருளாது. சியாவோகூ கம்பனியின் சிவப்புக் கேபிள் அப்படிப்பட்டது. லேஸ் பின்னுபவர்கள் பலர் அதைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதிலே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கம்பனியின் 2.75 முதல் 5 வரையான முனைகளுக்கு ஒரு கேபிள், 5.5 முதல் 10 வரையானவற்றுக்கு வேறு கேபிள், அதைவிடச் சிறியவற்றுக்கு இன்னொன்று. மாறி வாங்கினால் பூட்டாது.

நீளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் இருந்து வரும் நிட்ப்ரோவில் 60 என்று எழுதிய கேபிளைத் தனியே அளந்தால் 35 சென்ரிமீற்றர்தான் இருக்கும். முனைகளையும் பூட்டிய மொத்த நீளமே 60. அதேபோல 80 என்றால் கேபிள் 56, 100 என்றால் 76. வேறு சிலர் கேபிளின் நீளத்தை மட்டும் எழுதுவார்கள். எங்களில் கணிதம் படிப்பிப்பவரே இதில் முதலில் ஏமாந்தார். நடுவிலிருந்து வளரும் ஷோலுக்கு 60 இல் தொடங்கி 100 க்கு மாறினால் வசதி. அதற்கும் முன்னால், முதல் சில சுற்றுகளுக்கு இருபக்க முனையுள்ள குட்டை ஊசிகள் தேவை.

நான்காவது, முனையும் அது செய்யப்பட்ட பொருளும். லேஸில் இரண்டு மூன்று கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக எடுக்க வேண்டும். எஸ்தோனியாவின் ஹாப்சலு ஷோல்களில் ஏழு ஒன்பது கண்ணிகளையும் ஒன்றாக எடுத்துக் குட்டி முத்துப் போலப் பின்னுவார்கள். மொட்டை முனை அதற்குள் நுழையாது. ஆனால் அளவுக்கு மீறிக் கூரானால், முறுக்குத் தளர்ந்த நூலின் இழையைப் பிளக்கும். முனையை விரலால் தள்ளிப் பின்னுபவருக்கு விரல் புண்ணாகும். உருக்கு ஊசியில் நூல் வேகமாக வழுக்கும், கம்பளிக்கு நல்லது. பட்டு தானே வழுக்கும் நூல். அதற்குக் கொஞ்சம் பிடிக்கும் மரமும் மூங்கிலும் ஆறுதல். வெளிர் நூலுக்குக் கரும் ஊசி, கரும் நூலுக்கு வெளிர் ஊசி எடுத்தால் கண்ணுக்கும் சுகம்.

ஐந்தாவது, உயிர்க்கயிறு. இதை அறிந்தபோது எங்களுக்கு அழுகையே வந்தது. அந்தச் சாவித் துளைக்குள் ஒரு மெல்லிய பருத்தி நூலைக் கட்டிவிட்டு ஒரு சுற்றுப் பின்னினால், அந்த நூல் தானாகவே எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓடிவிடும். சுற்று முடிந்ததும் துளையில் இருந்து கழற்றி அப்படியே விட்டுவிடலாம். அடுத்த சுற்றில் அந்தப் பருத்தி நூலைச் சேர்த்துப் பின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். பின்னர் எது அவிழ்ந்தாலும் அந்தச் சுற்றோடு நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒரு தடவை போட்டிருந்தால், தாத்தாவின் மூன்று கிழமையில் ஒன்றிரண்டு இரவுதான் போயிருக்கும். அதற்கான துளை அந்த மலிவுச் செட்டிலும் இருந்தது.

அடுத்த தடவை நாங்கள் தெரிவு செய்யவில்லை. கொழும்பில் உள்ள உறவினர் ஒருவரிடம் உருக்கு, மூங்கில், மரம் என்று மூன்று விதமான 4 மில்லிமீற்றர் முனைகளைக் கடனாக வாங்கி வந்து, தாத்தாவின் மடியில் வைத்தோம். அதே நூலில் ஒவ்வொன்றிலும் இருபது கண்ணி போட்டுப் பார்க்கச் சொன்னோம்.

உருக்கு ஊசியில் அவர் கை மிக வேகமாக ஓடியது. அதுதான் என்று நினைத்தோம். அவர் அதைக் கீழே வைத்துவிட்டார். "நான் பின்னுற சுபஹுக்குப் பொறவு. அந்தக் குளிருல இத புடிக்க ஏலா டீச்சர். அதோட இந்த நூலும் ஓடுது, ஊசியும் ஓடுது. ஒண்ணாச்சும் நிக்க வாணுமே." மூங்கிலின் முனை அவருக்கு மொட்டையாகப் பட்டது. கடைசியில் எடுத்தது நிட்ப்ரோவின் மர முனை. பர்ச் மரத் தகடுகளை ஒட்டிச் செய்த, பல நிறம் கொண்ட ஊசி. அவரது வெளிர் நூல் அதில் நன்றாகத் தெரிந்தது. பூட்டில் நகத்தை வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். "இது போகும்" என்றார்.

விலைகளை வாசித்து இருபது நிமிடம் நாங்கள் தந்திருக்கக்கூடிய விளக்கம் எதிலும் அந்தச் சுபஹு நேரத்துக் குளிர் வந்திருக்காது. அது அவர் கைக்குத்தான் தெரியும்.

ஒரு சோடி முனை, இரண்டு கேபிள். பதின்மூன்று சோடிக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே முடிந்தது. இந்தத் தடவை அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கூலி வந்ததும் பாதிக் காசைத் தருவேன், வாங்க வேண்டும் என்றார். முதலில் மறுத்தோம். பிறகு விளங்கியது. பாதி அவருடையது என்றால், சரியில்லை என்று சொல்லும் உரிமையும் அவருடையது. சம்மதித்தோம்.

ஷோல் 120 சுற்றில், 488 கண்ணியில் முடிந்தது. பத்து இடத்தில் உயிர்க்கயிறு. நடுவில் ஒரு தடவை பிழைத்து நான்கு சுற்று பிரித்தார். கயிறு வந்ததும் நின்றது. அன்று பிள்ளை வகுப்புக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உம்மா நேத்து பிரிச்சாங்க டீச்சர், ஆனா தூங்கிட்டாங்க."

நனைத்துக் காய வைக்க எங்கள் வீட்டுக் கட்டில் மெத்தையைக் கொடுத்தோம். நாலு பக்கமும் ஊசி குத்தி விரித்தபோதுதான் கோலம் வெளியே வந்தது. அதுவரை கசங்கிய துணிபோல இருந்தது இலை இலையாக விரிந்தது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் மோதிரத்துக்குள்ளால் இழுக்கக்கூடிய ஷோல் பின்னுவார்கள் என்று வாசித்திருந்தோம். எங்களில் ஒருவரின் மோதிரத்தைக் கழற்றி முயன்றோம். பாதியில் நின்றுவிட்டது. "அதுக்கு இன்னும் மெல்லிய நூல் வாணும்" என்று தாத்தா சிரித்தார். அடுத்த ஓடரைப் பற்றிப் பேசுவது போலவே சொன்னார்.

குழந்தை பிறந்த பிறகுதான் ஷோல் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தது. பிந்திவிட்டதே என்று பயந்தோம். நாற்பதாம் நாள் குழந்தையைச் சுற்றிப் படம் எடுத்து அனுப்பினார்கள். மீதிக் கூலியும் வந்தது. அன்று பின்னேரமே தாத்தா பாதிக் காசைக் கொண்டு வந்து கையில் வைத்தார். எண்ணிப் பார்க்கவும் சொன்னார்.

அந்தப் பதின்மூன்று சோடிச் செட் இப்போது பாடசாலை மனையியல் அறையில் இருக்கிறது. தடித்த அக்ரிலிக் நூலில் பிள்ளைகள் பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் காட்டுவது நகத்தால் பூட்டைப் பார்ப்பதை. இரண்டாவது உயிர்க்கயிறு.

இந்தப் பதிவை எழுதக் காரணம் ஊசி மட்டுமல்ல. எங்கள் ஊரில் தையல் மெசின், அரைக்கும் மெசின், கோழிக் கூடு என்று உதவிகள் நிறையக் கொடுக்கப்படுகின்றன. நல்ல மனதோடுதான் கொடுக்கிறோம். கொடுத்த பிறகு, அது சரியா என்று கேட்கிறோமா? கேட்டாலும், இல்லை என்று சொல்லக்கூடிய மாதிரிக் கேட்கிறோமா? வாங்கியவர் வாயால் அது இலேசில் வராது. கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மெல்லிய நூலுக்கு ஊசி வாங்க நினைக்கும் சகோதரிகள் யாராவது இருந்தால், காசு கொடுக்கும் முன் தாத்தாவிடம் வாருங்கள். அவரது மர முனையையும், ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் பழைய செட்டையும் கையில் எடுத்து, உங்கள் நூலில் இருபது கண்ணி போட்டுப் பார்க்கலாம். எங்களிடம் உட்பெட்டியில் கேட்டால் வழி சொல்கிறோம். ஷோல் ஓடர் கொடுக்க விரும்புபவர்களும் கேட்கலாம். ஆனால் விலை பேசுவது தாத்தாதான், நாங்கள் இல்லை.